துண்டுக்குள் பேசிய விலை

நம் பள்ளிக்கூடத் தோழர்கள் குழுவில் போன வாரம் யாரோ ஒரு படம் போட்டிருந்தீர்கள். மாட்டுச் சந்தையில் இரண்டு ஆட்கள், கைகளின் மேல் ஒரு துண்டு, துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுகிறார்கள். அதற்குக் கீழே, 'அந்தக் காலத்து நாணயம் இனி வருமா' என்று ஒருவர். 'இப்போ செல்போனில் பழைய கார் விற்கிறவன் எல்லாம் பித்தலாட்டக்காரன்' என்று இன்னொருவர். கும்பிடுகிற கைகள், ரோஜாப்பூ, கண்ணீர் விடுகிற மூஞ்சி என்று வரிசையாக வந்து விழுந்தன. அன்றைக்குப் படித்துவிட்டுப் போனை மூடி வைத்துவிட்டேன். ஆனால் எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. அந்தத் துண்டைப் பற்றி எனக்கும் கொஞ்சம் தெரியும். வயது அறுபதைத் தாண்டிவிட்டது, இனி யாருக்குப் பயந்து என்ன ஆகப்போகிறது? கேளுங்கள்.

நான் மூன்றாம் வகுப்பு படித்த வருஷம். மாயவரம் பக்கத்துக் குத்தாலத்துக்குத் தெற்கே உள்ளே தள்ளி எங்கள் ஊர். குறுவை அறுவடை முடிந்து களத்தில் மூட்டைகளை அடுக்கியிருந்தார்கள். ராத்திரி பெய்த மழையில் அடிமூட்டை ஊறி, மொத்த அடுக்கும் சரிந்து அப்பாவின் முதுகில் விழுந்தது. நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது வீட்டில் யாரும் இல்லை. அடுப்பில் குழம்பு அடிப்பிடித்துக் கருகிக்கொண்டிருந்தது. அந்த வாடை இன்றைக்கு வந்தாலும் அடுப்பை அணைத்துவிட்டு வெளியே வந்துவிடுவேன்.

தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரியில் சில வாரம் வைத்திருந்து அனுப்பினார்கள். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. டாக்டர் அம்மாவிடம் பட்டென்று சொல்லிவிட்டார். "நரம்பு அறுந்துபோகலம்மா, நசுங்கியிருக்கு. வாராவாரம் கூட்டிட்டு வாங்க, காலுக்குப் பயிற்சி குடுக்கணும். விடாம வந்தா எழுந்து நிக்க வாய்ப்பிருக்கு. விட்டுட்டீங்கன்னா கால் காஞ்சிடும். அப்புறம் யார் வந்தாலும் ஒண்ணும் பண்ண முடியாது."

வாராவாரம் வருவதென்றால் எப்படி வருவது? ஐப்பசி அடைமழை. வண்டிப்பாதை முழங்கால் சேறு. முதல் வாரம் மாட்டு வண்டியில் ரோட்டுக்குக் கொண்டுபோய், அங்கிருந்து பஸ்ஸில் ஏற்றினார்கள். நான்கு பேர் அப்பாவை மூட்டையைத் தூக்குவது போலத் தூக்கினார்கள். கண்டக்டர், "சீக்கிரம் ஆவட்டும்யா, டயம் ஆவுதுல்ல" என்று விசில் ஊதிக்கொண்டே நின்றார். இரண்டாம் வாரம் கும்பகோணத்திலிருந்து ஒரு வாடகைக் கார் வரவழைத்தாள் அம்மா. நானும் கூடப் போனேன். அப்போது அப்பாவுக்கு மூத்திரம் போவதுகூடத் தெரியாது. பாபநாசம் தாண்டும்போது சீட்டு நனைந்துவிட்டது. டிரைவர் வண்டியை ஓரங்கட்டி, கதவைத் திறந்துவிட்டு, ரோட்டில் போகிற வருகிறவர்களுக்கெல்லாம் கேட்கிற மாதிரி கத்தினார். "இந்த மாதிரி ஆளையெல்லாம் ஏன்யா ஏத்துறீங்க? இனி இதுல எவன் உக்காருவான்?" அம்மா வாய்க்காலிலிருந்து தண்ணீர் மொண்டுவந்து தன் கையாலேயே சீட்டைக் கழுவினாள். அப்பா எங்களைப் பார்க்காமல் வயல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் அப்பா ஒரே வார்த்தைதான் சொன்னார். "நான் வரல."

அம்மாவும் ஒரே வார்த்தைதான் சொன்னாள். "கார் வாங்கறேன்."

ஊரில் சிரித்தார்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்களும் சிரித்திருப்பார்கள், எனக்குத் தெரியும். 'மலாயாக்காரிக்குத் திமிரு. புருஷன் படுத்துக் கெடக்கான், இவளுக்குக் காரு கேக்குது' என்று குளத்துப் படித்துறையில் பேசியதை என் காதாலேயே கேட்டேன். அம்மா மலாயாவில் பிறந்து வளர்ந்தவள். அவளுடைய அப்பா அங்கே லாரி ஷெட்டு வைத்திருந்தார். கல்யாணத்துக்காகக் கப்பல் ஏறி நாகப்பட்டினத்தில் இறங்கியபோதே அவளுக்குக் கார் ஓட்டத் தெரியும். புதிதாக வந்த வருஷம் அப்பாவே தஞ்சாவூருக்குக் கூட்டிப்போய் நம்மூர் லைசென்சும் எடுத்துக் கொடுத்திருந்தார். ஓட்டுவதற்குத்தான் வண்டி இல்லை. லைசென்ஸ் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் கிடந்தது.

மலாயாவிலிருந்து போட்டுக்கொண்டு வந்த சங்கிலியை அம்மா விற்றாள். பணம் கைக்கு வந்துவிட்டது. பேசி வாங்குவதற்குத்தான் ஆள் வேண்டும். "அண்ணன் பேசட்டும்" என்றார் அப்பா.

அண்ணன் என்றால் என் பெரியப்பா. பக்கத்து வீடு. நிலம் பாகம் பிரிக்காமல் இருந்ததால் குடும்பத்துக்கு அவர்தான் தலை. வெள்ளை வேட்டி, நெற்றியில் விபூதி, தோளில் சலவைத் துண்டு. எங்கள் மேல் பாசம் இல்லாதவர் என்று சொல்லமாட்டேன். அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது எனக்குத் தினமும் ரொட்டி வாங்கிக் கொடுத்தவர் அவர்தான். சரி என்றுதான் சொன்னார். சிரித்த முகத்தோடு சொன்னார்.

எங்கள் பக்கத்தில் அப்போது பழைய கார் வாங்குவதற்கும் விற்பதற்கும் தரகர் வேண்டும். அந்தத் தரகர்களில் முக்கால்வாசிப் பேர் மாட்டுத் தரகிலிருந்து வந்தவர்கள். உழவு மாடு குறைந்து டிராக்டர் வந்ததும், மாட்டை விட்டுவிட்டு வண்டியைப் பிடித்துக்கொண்டார்கள். பழக்கத்தை மட்டும் விடவில்லை. எங்களுக்கு வாய்த்த தரகர், காரின் முதுகைத் தட்டிக் கொடுப்பார். பானெட்டைத் திறந்து, "பல்லு பாத்துக்குங்க, இன்னும் கடைசிப் பல்லு விழல" என்பார். "சுழி சுத்தமான வண்டி, வந்த வீடு வெளங்கும்" என்பார். மாட்டுக்குத் தோலில் மயிர்ச்சுழி இருக்கும், அதை வைத்து ராசி பார்ப்பார்கள்; காருக்கு ஏது சுழி என்று நான் சுற்றிச் சுற்றித் தேடினேன்.

மாட்டு வியாபாரத்திலிருந்து அவர்கள் கூடவே கொண்டுவந்த இன்னொன்றுதான் அந்தத் துண்டு. விற்கிறவரும் வாங்குகிறவரும் கைகொடுத்துக்கொள்வார்கள், மேலே துண்டைப் போடுவார்கள். இந்த விரலைப் பிடித்தால் இவ்வளவு, அந்த விரலை மடக்கினால் அவ்வளவு என்று கணக்கு. சுற்றி நிற்கிற யாருக்கும் விலை தெரியாது. துண்டுக்குள் பேசியதை வெளியே சொல்லவும் கூடாது. இதில் பொம்பளைக்கு எங்கே இடம்? அந்நிய ஆம்பளை கையைப் பிடித்து விலை பேசுவாளா? அதனால் என் அம்மா பணத்தைப் பையில் வைத்துக்கொண்டு நாலு அடி தள்ளி நின்றாள். அவளுடைய காரின் விலையை அவளைத் தவிர மற்ற எல்லாரும் பேசினார்கள்.

முதல் கார் கும்பகோணத்தில். புதுப் பெயின்டில் பளபளவென்று நின்றது. அம்மா கிட்டே போய், கால்மிதியைத் தூக்கி, அடித்தகட்டில் கட்டைவிரலால் அழுத்தினாள். விரல் அப்படியே உள்ளே போய்விட்டது. "இது தகடு இல்லீங்க, துருப்புடிச்ச அப்பளம்" என்றாள். கார்க்காரருக்கு மூஞ்சி தொங்கிப்போயிற்று. தரகர், "அட, நம்ம தங்கச்சிக்கு விஷயம் தெரியுதே" என்று சொல்லிச் சிரித்தார். பெரியப்பா மட்டும் சிரிக்கவில்லை.

இரண்டாவது மாயவரத்தில், ஒரு வக்கீல் வீட்டில். அதை நினைத்தால் இன்னமும் மனசு அடித்துக்கொள்கிறது. கருப்புக் கார். உள்ளே ஏறினால் ரெக்ஸின் வாசனையும் சந்தன வாசனையும் கலந்து வரும். அம்மா ஸ்டார்ட் செய்து, கண்ணை மூடிக்கொண்டு எஞ்சின் சத்தத்தைக் கேட்டாள். சைலன்சருக்குப் பின்னால் போய்க் குனிந்து புகையைப் பார்த்தாள். நெடுநாளைக்குப் பிறகு அவள் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன். பெரியப்பாவின் காதருகே போய், எவ்வளவு வரை போகலாம் என்று சொன்னாள். பெரியப்பா தலையாட்டிவிட்டுத் துண்டுக்குள் கையை விட்டார். கொஞ்ச நேரந்தான். வக்கீல் கையை உருவிக்கொண்டு உள்ளே போய்விட்டார். தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.

"ரொம்ப ஆசப்படறாரு. அவ்ளோ குடுத்தா நம்மள மாதிரி முட்டாளு எவனும் இல்ல. வேற பாக்கலாம்" என்றார் பெரியப்பா.

அம்மா நம்பினாள். அண்ணன் பேச்சு என்று அப்பாவும் நம்பினார். அதற்குள் வாரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. சம்பா பயிர் பச்சை கட்டி நின்றது. நான் தினமும் சாயங்காலம் அப்பாவின் காலுக்கு எண்ணெய் தடவுவேன். கெண்டைக்கால் சதை கரைந்துகொண்டே வந்தது என் கைக்குத் தெரிந்தது. அதை அம்மாவிடம் சொல்லவில்லை. அம்மாவும் தடவுகிறவள்தானே, அவளுக்குத் தெரியாதா?

மார்கழி பிறப்பதற்குக் கொஞ்சம் முன்னால் தரகர் மறுபடி வந்தார். சீர்காழியில் ஒரு மரவாடிக்காரர், கண்ணில் புரை விழுந்து இனி ஓட்டமுடியாது என்று காரை விற்கிறார். எல்லாரும் கிளம்பிப் போனோம். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு நானும் ஒட்டிக்கொண்டேன். வாசல் முழுக்க அறுத்த தேக்கின் வாசனை. பழுப்பு நிற அம்பாசிடர். பளபளப்பு ஒன்றும் இல்லை, ஒரு பக்கம் நசுங்கல்கூட இருந்தது. அம்மா ஒவ்வொன்றாகப் பார்த்து முடித்துவிட்டுப் பெரியப்பாவிடம், "வண்டி நல்ல வண்டி. கேட்டதக் குடுத்துடுங்க. இத விட்டா நமக்கு நேரமில்ல" என்றாள்.

துண்டு விழுந்தது. பெரியப்பாவின் தோள் லேசாக அசைந்தது. மரவாடிக்காரர் சூடு பட்டவர் மாதிரி கையை இழுத்துக்கொண்டார்.

"என்னங்க இது? வெளயாடுறீங்களா? வண்டி வாங்க வந்தீங்களா, வேண்டாம்னு சொல்லிட்டுப் போவ வந்தீங்களா?"

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். மாயவரத்து வக்கீலின் முகம் அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். நேராகப் பெரியப்பாவின் முன்னால் வந்து நின்றாள். அதுவரைக்கும் அவர் எதிரில் அவள் நிமிர்ந்து நின்று நான் பார்த்ததே இல்லை.

"என்ன வெல கேட்டீங்க?"

"துண்டுக்குள்ள பேசுனத வெளிய சொல்லக்கூடாது. அது ஒரு தர்மம்."

அம்மா தரகர் பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்க. புள்ளைங்க பெரியப்பா மாயவரத்துலயும் இப்படித்தான் கேட்டாங்களா?"

தரகர் தரையைப் பார்த்தார். வாயிலிருந்த வெற்றிலையை மெல்லவும் மறந்துவிட்டார். அதுவே போதுமாக இருந்தது. அம்மா சொன்ன விலையைச் சொல்லாமல், வாங்கவிடாமல் செய்வதற்காகவே அடிமாட்டு விலை கேட்டிருக்கிறார் மனுஷன்! யாருக்கும் தெரியக்கூடாது என்றுதானே துண்டு. அது அவருக்கு ரொம்ப வசதியாகப் போயிற்று.

"அந்தத் துண்ட இப்படிக் குடுங்க" என்றாள் அம்மா.

"ஏய், என்ன பண்ற? ஊராம்பள கையப் புடிச்சு வெல பேசப்போறியா? நம்ம குடும்பத்துக்குன்னு ஒரு மானம் மருவாத இல்ல?"

"அப்ப வாயால பேசறேன். எல்லாருக்கும் கேக்கட்டும்." அம்மா மரவாடிக்காரர் பக்கம் திரும்பினாள். "எங்க வீட்டுக்காரருக்குக் காலு காஞ்சிட்டு வருதுங்க. வாராவாரம் தஞ்சாவூர் போயாவணும். பஸ்ல ஏத்த முடியல. வாடகக் காருக்காரன் நடுரோட்டுல நிறுத்தி அசிங்கப்படுத்திட்டான். எனக்குக் காரு பவுசுக்கு இல்லீங்க. அவர எழுப்பி நிக்க வைக்கணும்."

மரவாடிக்காரர் புரை விழுந்த கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றார். "அது சரிம்மா. ஆனா பொம்பளகிட்ட வெல பேசி எனக்குப் பழக்கமில்லியே."

"எனக்குப் பழக்கம்" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது.

அவருடைய மனைவி. ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே படியிறங்கி வந்தார். கனத்த உடம்பு, காதில் பெரிய தோடு. "அந்தக் காரு எங்கப்பா குடுத்த பணத்துல வாங்குனது. அதுல ஒரு நாளாவது என்ன முன்சீட்டுல உக்காரவெச்சிருப்பாரா இந்த மனுஷன்? நவுருங்க. நான் பேசறேன்."

பெரியப்பாவின் கையிலிருந்து துண்டை உருவியது அந்த அம்மாள்தான். சத்தியமாக. பெரியப்பா தடுக்கக்கூட இல்லை, அவ்வளவு திகைப்பு. இரண்டு பெண்களும் மரத்தூள் கிடந்த அந்த வாசலில் நின்று கைகொடுத்துக்கொண்டார்கள், மேலே துண்டைப் போட்டுக்கொண்டார்கள். தரகர் பதறிப்போய், "கட்டவிரலப் புடிச்சா என்னன்னா..." என்று ஆரம்பித்தார். "நீங்க சும்மா இருங்க" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். துண்டுக்குள்ளிருந்து வளையல் சத்தம் வந்தது. அந்த அம்மாள் குனிந்து அம்மாவின் காதில் ஏதோ கேட்டார். அம்மா அவர் காதில் ஏதோ சொன்னாள். அந்த அம்மாள் உதட்டைப் பிதுக்கினார். மறுபடி காதில் பேச்சு. ஆண்கள் மூன்று பேரும் கையைப் பிசைந்துகொண்டு தள்ளி நின்றார்கள். ஆஹா, அந்தக் காட்சி! எனக்கு மட்டும் படம் போடத் தெரிந்திருந்தால் நம் குழுவில் அதைத்தான் போட்டிருப்பேன்.

"முடிஞ்சிது" என்று அந்த அம்மாள் துண்டை எடுத்தார்.

"எவ்ளோ?" என்றார் மரவாடிக்காரர்.

"எவ்ளோ?" என்றார் பெரியப்பா.

அம்மா துண்டை அழகாக மடித்துப் பெரியப்பாவிடம் நீட்டினாள். "வெளிய சொல்லக்கூடாதாமே" என்றாள்.

என்ன நடந்தது என்று பின்னால் எனக்கு மட்டும் சொன்னாள். விரல் கணக்கு ரெண்டு பேருக்குமே தெரியாதாம். உன்னால் எவ்வளவு முடியும் என்று அந்த அம்மாள் கேட்டாராம், அம்மா உள்ளதைச் சொன்னாளாம். எடுத்தவுடனே ஒத்துக்கொள்ளவும் இல்லை, இன்னும் கொஞ்சம் ஏற்று என்று கேட்டு வாங்கினாராம். "எளகின மனசுன்னு நெனச்சுக்காத. ஸ்டெப்னி டயருக்குத் தனியா கேட்டாங்க பாரு, அங்கதான் எனக்கு அவங்க மேல மரியாதையே வந்துச்சு" என்பாள் அம்மா.

பெரியப்பா எங்களோடு காரில் வரவில்லை, பஸ் ஏறிவிட்டார். தரகர் பின்சீட்டில் உட்கார்ந்து, அம்மா ஒவ்வொரு கியர் மாற்றும்போதும் "முருகா, முருகா" என்று சொல்லிக்கொண்டே வந்தார். மாயவரம் கடைத்தெருவில் சனம் நின்று வேடிக்கை பார்த்தது. ஒருத்தன் விசிலடித்தான். அம்மா ஹாரனை அழுத்தின அழுத்தில் அவன் சைக்கிளோடு சாக்கடை ஓரம் ஒதுங்கினான். எங்கள் வண்டிப்பாதையில் மட்டும் சேற்றில் சிக்கிக்கொண்டோம். வயலில் களையெடுத்துக்கொண்டிருந்த பெண்கள் ஓடிவந்து தள்ளிவிட்டார்கள். வீட்டு வாசலில் நாற்காலியில் இருந்த அப்பா, சேறும் சகதியுமாக வந்து நின்ற காரைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். விலையைக் கேட்கவேயில்லை. "என்னிக்கிப் போறோம்?" என்றுதான் கேட்டார்.

பெரியப்பா ஏன் அப்படிச் செய்தார் என்பது ரொம்ப வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. அப்போது கைக்குழந்தையாக இருந்த என் தம்பி, வளர்ந்து ஆளான பிறகு அவனிடம் சொன்னாராம். "வண்டி வந்தா உங்கம்மா ஓட்டுவா. ஓட்டுனா ஊரு சிரிக்கும். எந்தம்பிக்குக் காலு போனது போயிட்டுது, மானமும் போவணுமான்னு பாத்தேன்." அவர் மனசு நல்ல மனசுதான், காலம் அப்படி என்று தம்பி இன்றைக்கும் வாதாடுவான். நல்லா இருக்கே நியாயம்! பாபநாசம் ரோட்டில் ஒரு டிரைவர் வாயில் விழுந்து சந்தி சிரித்தபோது என் அப்பாவின் மானத்துக்கு என்ன ஆயிற்றாம்? நல்ல மனசு என்றால் நேரே வந்து, வேண்டாம் என்று சொல்லியிருக்கலாமே. எதற்குத் துண்டுக்குள் ஒளிய வேண்டும்? அதனால்தான் சொல்கிறேன், அந்தப் படத்தைப் போட்டுவிட்டு நாணயம் நாணயம் என்று உருகாதீர்கள். செல்போனில் விற்கிறவன் பொய் சொல்வான், சரி. விலையாவது என் கண்ணெதிரே இருக்கிறது. நானே பேசிக்கொள்கிறேன்.

அந்தக் கார் எங்களிடம் நெடுங்காலம் இருந்தது. குளிர்காலத்தில் கிராங்க் கம்பியை முன்னால் சொருகிச் சுற்றினால்தான் கிளம்பும். அம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு சுற்றுவாள். அந்தக் கம்பி வீடு மாறியபோது எங்கேயோ போய்விட்டது. காரைக் கடைசியில் எடைக்குத்தான் போட்டோம். ஆனால் அந்த மார்கழி, தை, மாசி முழுக்க ஒரு வாரம்கூடத் தவறவில்லை. விடியற்பனியில் கிளம்புவோம். அப்பா முன்சீட்டில் கைலியும் கம்பளியுமாக, பின்சீட்டில் நான், மடியில் இட்லி தூக்கு. வழியில் வண்டியை நிறுத்தச் சொல்லி, மற்றவன் வயலில் பயிர் எப்படியிருக்கிறது என்று அப்பா குறை சொல்லுவார். அவர் மறுபடி குறை சொல்ல ஆரம்பித்ததே அம்மாவுக்குப் பெரிய சந்தோஷம்.

மாசி கடைசியில் ஒரு நாள், டாக்டர் உள்ளங்காலில் ஊசியால் குத்தியபோது அப்பா "ஏய், வலிக்குதுய்யா!" என்று கத்தினார். டாக்டரை ஏய் என்று கூப்பிட்ட முதல் ஆள் என் அப்பாவாகத்தான் இருப்பார். அம்மா அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள். அடுத்த குறுவைக்கு அப்பா இரண்டு பக்கமும் கட்டை ஊன்றிக்கொண்டு வாசலைத் தாண்டினார், தெருவில் நடந்தார், வாய்க்கால் கரை வரைக்கும் போய் நாற்றங்காலைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். தெருவே கூடி நின்று பார்த்தது. பெரியப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு எல்லாரிடமும், "கடவுள் செயல், கடவுள் செயல்" என்றார். ஊரும் அதையே சொன்னது. அம்மாவும் மறுக்கவில்லை, கைகூப்பிக்கொண்டு நின்றாள்.

நான் மறுக்கிறேன். அது என் அம்மாவின் செயல்.